கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் எதற்குக் கீமோ?

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்து, வீடு கொஞ்சம் மூச்சு விடும் நேரத்தில்தான் டாக்டர் கீமோ பேச்சை எடுப்பார். "முழுசா எடுத்தாச்சுன்னுதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்குங்க இது?" என்பார்கள் வீட்டார். நியாயமான கேள்வி. அறுவை மருத்துவர்களுக்கே இது விளங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் மார்பகத்தோடு அடியில் உள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே அகற்றினார். நோய் இருந்த இடத்திலிருந்து படிப்படியாகப் பரவுகிறது, அகலமாக வெட்டினால் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. வெகுகாலம் அதுதான் வேதவாக்கு. ஆனால் வெட்டிய இடம் சுத்தமாக இருக்கும்போதே, சில ஆண்டுகள் கழித்து எலும்பிலோ ஈரலிலோ நோய் தலைகாட்டும். பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர், அவரும் அறுவை மருத்துவர்தான், வேறு மாதிரி யோசித்தார். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே சில செல்கள் ரத்தத்தில் கிளம்பிப் போயிருந்தால், கத்தி எவ்வளவு அகலமாகப் போனால்தான் என்ன?

ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும். சில ஆயிரம் செல்கள் எங்காவது ஒதுங்கியிருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அலபாமாவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்: மருந்தின் ஒவ்வொரு டோஸும் இருக்கிற செல்களில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத்தான் கொல்லும். அப்படியென்றால் செல்கள் குறைவாக இருக்கும்போதே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பெரிய கட்டி போய், கண்ணுக்குத் தெரியாத மிச்சம் மட்டும் இருக்கும் நேரம் எது? ஆபரேஷன் முடிந்த கையோடுதான்.

இதைப் பல மருந்துகளைச் சேர்த்து மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் பெரிய மருத்துவமனைகள் முன்வரவில்லை. பார்க்க நன்றாக இருக்கும் பெண்ணுக்கு மூன்று விஷ மருந்துகளை ஒன்றாகக் கொடுப்பதா என்று தயங்கினார்கள். கடைசியில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமே பணம் கொடுத்து, இத்தாலியின் மிலான் நகரில் ஜானி பொனடோனா என்ற மருத்துவரிடம் வேலையை ஒப்படைத்தது. 1973இல் தொடங்கினார், 1976இல் முதல் முடிவு வந்தது. அக்குள் முடிச்சுக்கு நோய் எட்டிய பெண்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்ட 179 பேரில் 27 மாதங்களில் 24 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியிருந்தது. சைக்ளோபாஸ்பமைட், மெத்தோட்ரெக்சேட், ஃப்ளோரோயுராசில் மூன்றும் சேர்த்து எடுத்த 207 பேரில் 5.3 சதவீதம்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் பாருங்கள். மருந்தே எடுக்காதவர்களில் 76 சதவீதத்தினருக்கு அந்த 27 மாதங்களில் நோய் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் சிலருக்குத் திரும்பியது, அது வேறு. ஆனால் ஆபரேஷனோடு குணமாகிவிட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யார் அவர்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லோரும் வாந்தியையும் முடி உதிர்வதையும் தாங்க வேண்டியிருந்தது. இந்தச் சிகிச்சையின் கஷ்டமே இங்கேதான் இருக்கிறது. பலன் கூட்டத்தில் தெரியும், தனி ஆளாகப் பார்த்தால் "எனக்கு இது உதவியதா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. வேதனை மட்டும் கண்முன்னே நிற்கும். பாதியில் நிறுத்தத் தோன்றுவது இதனால்தான், அதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மிலான் குழுவே 1981இல் ஒன்றைச் சொன்னது. திட்டமிட்ட அளவில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களில் 77 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். 65 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கோ, மருந்தே எடுக்காதவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பின்னோக்கிப் பார்த்த கணக்கு இது, விவாதமும் உண்டு. ஆனாலும் பெயருக்கு ரெண்டு கீமோ போட்டுக்கொண்டு விடலாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்புறம், நீண்டால்தான் நல்லது என்றும் இல்லை: 12 சுற்று செய்ததை 6 சுற்றே செய்தது என்று அதே குழு பின்னால் கண்டது.

நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, கதிர்வீச்சு, அது எடுத்த இடத்தைக் காக்கும் வேலை. மார்பகத்தை விட்டுக் கட்டியை மட்டும் எடுத்த பெண்களை ஃபிஷர் குழு 20 ஆண்டுகள் கவனித்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 14 சதவீதம். ஹார்மோனை நம்பி வளரும் வகைக்கு டமாக்சிஃபென் மாத்திரை. ஐந்து ஆண்டுகள் விடாமல் எடுத்தால் இந்த நோயால் வரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கர்ப்பத்தடைக்காகத் தேடியபோது கிடைத்த மருந்து அது!

சரி, யாருக்குக் கீமோ வேண்டாம் என்று இப்போது சொல்ல முடிகிறதா? ஓரளவு முடிகிறது. கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு ஒரு மதிப்பெண் தரும் சோதனை வந்திருக்கிறது. ஹார்மோன் வகை, முடிச்சுக்குப் பரவாதது, நடுத்தர மதிப்பெண். இப்படிப்பட்ட பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரை மட்டுமே போதும் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் கீமோவால் கொஞ்சம் பலன் இருந்தது. சோதனைக்குச் செலவு அதிகம், எல்லா ஊரிலும் எளிதில் கிடைக்காது.

ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: என் கட்டி எந்த வகை, முடிச்சில் இருந்ததா, கீமோ போட்டால் நூறு பேரில் எத்தனை பேருக்குக் கூடுதலாக உதவும், போடாவிட்டால் என்ன? இன்னும் நேரம் இருக்கிறது, உங்கள் கேள்விகளை என்னிடமும் கேட்கலாம்.