வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அவைத்தலைவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பொறியாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பொதுப்பணித் துறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, 2023ஆம் ஆண்டு ஜூன் முதல் டிசம்பர் வரை கென்யாவின் மாகுவேனி மாவட்டத்தில், ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் விடுதிக் கட்டுமானத்தை ஊதியமின்றி மேற்பார்வையிடும் வாய்ப்புக் கிடைத்தது. கட்டடம் கட்டிய அனுபவத்தைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறீர்கள். ஆயினும் சுவர், கூரை, செலவுக் கணக்கு இவற்றைப் பற்றிக் கொஞ்சமும், ஒரு கதவையும் சில ஜன்னல்களையும் பற்றி நிறையவும் பேச எண்ணுகிறேன்.

நைரோபியிலிருந்து மொம்பாசா துறைமுகத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை மாகுவேனி வழியாகத்தான் போகிறது. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் செம்மண், முள்மரம், வறண்ட மணலாறு. காம்பா மக்கள் வாழும் அந்தப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைப் பருவங்கள் உண்டு என்றாலும், மார்ச் முதல் மே வரை பெய்யும் நீண்ட மழையைவிட, அக்டோபருக்குப் பின் வரும் குறுகிய மழையைத்தான் உழவர்கள் நம்புகிறார்கள். நான் போவதற்கு முன் தொடர்ந்து ஐந்து பருவங்கள் பொய்த்திருந்தன.

நாங்கள் கட்ட வந்தது எண்பது மாணவிகளுக்கான விடுதி. தொடக்கப் பள்ளி முடித்த பிள்ளைகள் அனைவரையும் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கென்ய அரசு 2018இல் கொள்கை வகுத்த பிறகு, உயர்நிலைப் பள்ளிகளில் கூட்டம் பெருகியது. தலைமையாசிரியை வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எண்பதை நூறாக்க முடியாதா ஐயா?" என்பதுதான்.

முடியாது என்று சொல்ல என்னிடம் ஒரு சான்று இருந்தது. பள்ளிப் பாதுகாப்பு குறித்துக் கென்யக் கல்வி அமைச்சகம் 2008இல் வெளியிட்ட கையேடு, கட்டில்களுக்கிடையே 1.2 மீட்டரும் நடைபாதைக்கு 2 மீட்டரும் இடம் விடச் சொல்கிறது. கூடத்தின் இரு முனைகளிலும் ஐந்தடி அகலக் கதவு, நடுவில் ஓர் அவசர வழி, எல்லாக் கதவுகளும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஜன்னல்களில் கம்பி கூடாது, உள்ளே பிள்ளைகள் இருக்கையில் வெளியே பூட்டக் கூடாது. இவ்வளவும் அந்தக் கையேட்டில் இருப்பவை.

இதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன் என்று சொன்னால் அது பொய். கையேட்டைப் பையில் வைத்திருந்தேன். கடைக்காலும் தூக்குக்குண்டும் ரசமட்டமுமாக முதல் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த மாதங்களில் என் மனத்தை அரித்ததெல்லாம் தண்ணீர்தான். புதுச் சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும் என்பது நமக்குப் பால பாடம். அங்கே இருபது லிட்டர் கேன்கள் கழுதை முதுகில் ஆற்று மணற்குழியிலிருந்து வந்தன. ஒருநாள் காலை, கொத்தனார் சுவரின்மேல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு மாணவி முகம் கழுவ ஒரு குவளைத் தண்ணீரோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றே சுவர்களுக்கு ஈரச் சாக்குப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் கட்டினோம். செலவான தண்ணீர் பாதியாகக் குறைந்தது. உண்மையில், முதலில் கட்டியிருக்க வேண்டியது மழைநீர்த் தொட்டியை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்ற கணக்குத் தெரிந்தவன், பழைய வகுப்பறைகளின் தகரக் கூரைகள் சும்மா கிடந்ததை மே மாத மழை போன பிறகு வந்து பார்த்தேன். மணலுக்கும் இப்படித்தான்: ஆற்று மணலைக் காக்க மாகுவேனி மாவட்ட அரசு 2015இலேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது, நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி அள்ள முடியாது. நம் ஊர் ஆறுகளை நினைத்துக்கொண்டு அந்த அனுமதிச் சீட்டுக்காக நான் மகிழ்ச்சியாகவே காத்திருந்தேன்.

செப்டம்பரில் ஜன்னல்கள் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் அரை அங்குலக் கம்பி கிரில் பற்றவைத்திருந்தது. ஒப்பந்தக்காரர் வழக்கப்படி செய்து அனுப்பியிருந்தார். நானும் வழக்கப்படி வெல்டிங்கைத் தட்டிப் பார்த்து, சரக்கு நல்ல சரக்கு என்று கையெழுத்திட்டு வாங்கிவிட்டேன். இரவு கையேட்டைப் புரட்டும்போதுதான் என் கையெழுத்தின் பொருள் எனக்கு விளங்கியது.

மறுநாள் பள்ளி நிர்வாகக் குழுவைக் கூட்டி, கிரில்களை அறுக்க வேண்டும் என்றேன். தாய்மார்கள் கொதித்துவிட்டார்கள். மெத்தை திருடுகிறார்கள், இரவில் ஆண்கள் சுற்றுகிறார்கள், கம்பியில்லாத ஜன்னலுக்குள் எங்கள் பெண்ணைப் படுக்கவைக்க நீ யார் என்று கேட்டார்கள். அவர்கள் அச்சம் பொய்யில்லை. ஆறு மாதத்தில் ஊர் திரும்பப்போகும் ஒரு முஹிண்டி, அதாவது இந்தியன், அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், அதுவரை வாய் திறக்காத ஒரு முதியவர் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: "கியாங்குலி."

அந்தச் சொல்லுக்குப் பின் யாரும் பேசவில்லை. பக்கத்து மச்சாகோஸ் மாவட்டத்தில் உள்ள கியாங்குலி பள்ளி விடுதியில், 2001 மார்ச் மாதம் ஓர் இரவில் மாணவர்களே வைத்த தீயில் 67 பையன்கள் இறந்துபோனார்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது. ஜன்னல்களில் கம்பி இருந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பு, கடற்கரைப் பக்கம் பொம்போலுலு பெண்கள் பள்ளியிலும் இதே கதைதான்.

கிரில்கள் அறுபட்டன. ஆனால் தாய்மார்களின் அச்சத்துக்கும் விடை வேண்டுமே. ஜன்னல் கதவுகளை இரும்புத் தகட்டில், உள்ளிருந்து ஒரே கையால் தள்ளித் திறக்கும்படி அமைத்தோம். விடுதிக் காப்பாளர் அறையை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினோம். மிச்சமான கிரில் கம்பிகளை முள்வேலியின் நுழைவாயிலுக்கே பயன்படுத்தினோம். தச்சர் கதவுகளை உள்பக்கம் திறக்கும்படி மாட்டியிருந்தார். கீல்களைக் கழற்றி வெளிப்பக்கம் திருப்பச் சொன்னதற்கு, மழைச்சாரல் கதவை ஊறவைக்கும் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னதும் சரிதான். கதவுக்கு மேலே தகரச் சாய்ப்பு ஒன்று இறக்கினோம். கடைசியாக, மூன்று கதவுகளின் வெளிப்புற நாதாங்கிகளையும் நானே நின்று கழற்றவைத்தேன்.

அந்த நவம்பரில் கென்யா முழுதும் பேய்மழை கொட்டியது. கூரை அதற்கு முன்பே முடிந்திருந்தது, தொட்டியும் நிரம்பியது. எண்பது கட்டில்கள் போட்டோம். நூறு கேட்ட தலைமையாசிரியை, இருபது பெயர்களை அடித்த பட்டியலை என்னிடம் காட்டினார். அந்தப் பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். அந்தக் கணக்கை நான் இன்னும் நேர் செய்யவில்லை.

2024 செப்டம்பரில் நியேரி மாவட்டத்தின் என்டராஷாவில் விடுதித் தீயில் 21 சிறுவர்கள் இறந்த செய்தியை இங்கே நம் ஊரில் இருந்துகொண்டு படித்தேன். அடுத்த ஜனவரியில் சொந்தச் செலவில் மாகுவேனிக்குப் போனேன். ஜன்னல்கள் அப்படியே இருந்தன. நடுக்கதவின் வெளிப்பக்கம் மட்டும், நாங்கள் நாதாங்கி கழற்றிய பழைய தழும்புக்கு ஒரு சாண் மேலே, புதிதாக நான்கு ஆணித்துளைகள் தெரிந்தன. யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். யாரோ மறுபடி பிடுங்கியிருக்கிறார்கள். அருகில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாணவிகள் என்னைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் எதுவும் கேட்கவில்லை.