சரிபார்க்க வேண்டாம் என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

வணக்கம். நிலாவெளி றோட்டால் கோணேசபுரி கம்பஸுக்குப் போய்வருகிற பிள்ளைகளும் ஆஸ்பத்திரி, கந்தோர்களில் வேலை செய்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றைய கதை உங்களுக்குத்தான்.

வீட்டு வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். நிறுவன வைஃபை அப்படியில்லை, ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும், ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கணக்கை மட்டும் மூடினால் போதும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் சேரப்போனால், உங்களை எப்படி உறுதிப்படுத்துவது என்று கேட்கிற ஈஏபி முறை, இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தல், சிஏ சான்றிதழ், டொமைன் என்று ஒரு படிவமே வந்து நிற்கும். முதல் இரண்டுக்கும் பல இடங்களில் பீப், எம்எஸ்சாப்வி2 என்று கொடுப்பார்கள், அதில் பிரச்சினை இல்லை.

சிக்கல் சான்றிதழில்தான். அது, நீங்கள் சேருவது உண்மையிலேயே உங்கள் நிறுவனத்து வைஃபைதானா என்று போன் பார்க்கிற அடையாள அட்டை மாதிரி. “சரிபார்க்க வேண்டாம்” என்று தெரிவுசெய், உடனே வேலை செய்யும் என்று பக்கத்தில் இருக்கிறவர் சொல்லுவார். செய்யும்தான். ஆனால் அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில் எவராவது அதே பெயரில் ஒரு ரவுட்டரைப் போட்டு வைத்தால், பையில் கிடக்கிற உங்கள் போன் உங்களைக் கேட்காமலே அதனோடு கதைக்கத் தொடங்கிவிடும். பாஸ்வேர்ட் அப்படியே போகாது, மறைத்துத்தான் போகும், ஆனால் எம்எஸ்சாப்வி2 இன் அந்த மறைப்பை உடைக்கலாம் என்று 2012 இலேயே டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் செய்து காட்டிவிட்டார்கள். பல இடங்களில் மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்ட்தானே, யோசித்துப் பாருங்கள். கூகுளும் 2020 டிசம்பர் புதுப்பிப்பில் பிக்சல் போன்களிலிருந்து அந்தத் தெரிவை எடுத்துவிட்டது, எடுத்ததும் நல்லதுதான்.

அதனால் சான்றிதழ் கேட்கிற இடத்தில் “சிஸ்டம் சான்றிதழ்கள்” என்று கொடுத்து, ஐடி பிரிவு தருகிற டொமைனை, அதாவது சான்றிதழில் இருக்கவேண்டிய பெயரை, ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதுங்கள். டொமைனை விட்டால் சரிவராது, ஏனென்றால் தன் சொந்த டொமைனுக்கு முறையான சான்றிதழ் எவரும் எடுக்கலாம். ஐபோன் இவ்வளவு கேட்காது, சான்றிதழைக் காட்டி நம்பவா என்று மட்டும் கேட்கும், பெயரைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

எடுரோம் என்பது சொந்த கம்பஸ் கணக்கை வைத்தே சேர்ந்திருக்கிற மற்ற கம்பஸ்களிலும் பாவிக்கக்கூடிய வைஃபை. அதைப் பாவிக்கிறவர்களுக்கு, இலங்கையில் அதை நடத்துவது பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு, உங்கள் பல்கலைக்கழகம் சேர்ந்திருந்தால் கெட்எடுரோம் செயலி இதையெல்லாம் தானே நிரப்பிவிடும். டேட்டா போட்டு, சொந்த கம்பஸில் வைத்தே செய்துமுடியுங்கள், கொழும்புக்கோ பேராதனைக்கோ போன பிறகு செய்யப் பார்த்தால் உதவிக்கு ஆளைத் தேடவேண்டி வரும். அப்புறம் பயனர்பெயரில் அட் குறியும் அதற்குப் பின்னால் வருவதும் கட்டாயம் இருக்கவேண்டும், வேறு கம்பஸில் நிற்கும்போது நீங்கள் எந்த இடத்து ஆள் என்று தெரிவது அதை வைத்துத்தான்.

பாஸ்வேர்டை மாற்றினால் பழைய இணைப்பை போனிலிருந்து அழித்துவிட்டுத் திரும்பச் சேருங்கள், இல்லாவிட்டால் போன் பழையதையே அனுப்பி அனுப்பி சில இடங்களில் கணக்கே பூட்டுப்பட்டுவிடும். எல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லையா, போனில் திகதியைப் பாருங்கள், வருடம் பிழையாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத்தான் அதற்குத் தெரியும்.