மாடு இல்லாத இடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ராயபுரத்தில் ஒரு வார்ப்படப் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு ஊற்றியவன் நான். 'சிலையைப் பற்றிப் பேச உங்களையா கூப்பிட்டார்கள்?' என்று எங்கள் தெரு டீக்கடையில் கேட்டார்கள். சரி, பேசிப் பார்ப்போம்.

நம் எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் நம்மையெல்லாம் வரிசையாக அழைத்துப் போயிருப்பார்கள். ஒரே நாளில் சுற்றினால் கால்வலிதான் மிச்சம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் அப்படியில்லை, சின்னது. 1951-இல் வைத்தது. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சாப்பாடு முடிந்த பிறகு, வெயிலுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். பொய் சொல்வானேன்.

அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த வெண்கலச் சிவன் ஒருவர் நிற்கிறார். ராஜராஜன் காலம், 1011. கால்களைப் பின்னிக்கொண்டு, தலைமுடியையே தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, ஒரு கையை மடக்கிச் சாய்ந்து நிற்கிறார். எதன்மேல் சாய்ந்திருக்கிறார்? அங்கே ஒன்றுமில்லை! காவலர் சிரித்துக்கொண்டே, "மாடு இல்லீங்க ஐயா" என்றார். ரிஷபவாகனர், ரிஷபத்தைக் காணோம். ஆனால் அந்தக் கையைப் பார்த்தாலே மாட்டின் உயரம் தெரிகிறது.

நான் பார்த்தது விரல்களை. கோயிலில் உற்சவரைப் பட்டும் பூவும் மூடியிருக்கும், விரல் எங்கே தெரியும்? பட்டறையில் மரத்தில் மாதிரி செய்து மணலில் அச்செடுப்போம். ஒரே மாதிரியை வைத்து நூறு அச்சு எடுக்கலாம். இந்தச் சிவனைச் செய்த மெழுகு வார்ப்பு வேறு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் உலோகம் போகும். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், திரும்பச் செய்ய முடியாது.

இரும்பு ஊற்றும்போது வழியிலேயே ஆறி உறைந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பம்ப் உறையின் மூலைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை. பொருள் வீணாகிவிட்டது. மேஸ்திரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அது பம்ப் உறை. இங்கே விரல்நுனி வரை உலோகம் போயிருக்கிறது, அதுவும் உள்ளே கெட்டியாக. விரலைப் பாருங்கள், திரும்பவும் சொல்கிறேன், முகத்தை விட்டுவிட்டு முதலில் விரலைப் பாருங்கள். என் மனைவி வாசலில் வந்து நின்று, "என்னங்க, ஆட்டோக்காரர் போயிடுவார்" என்று மூன்று தடவை கூப்பிட்டாள்.

பக்கத்திலேயே அம்மன். அவரை அடுத்த வருஷம், 1012-இல் செய்திருக்கிறார்கள். அப்புறம் தாராசுரத்துக் கல் சிற்பங்கள், பிச்சை கேட்டு வரும் சிவனான பிட்சாடனரும் அவரைப் பார்த்து மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகளும். அதைப் பற்றித்தான் நிறையப் பேச எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். சரி, அந்தப் பெண்களில் ஒருத்தியின் சேலை… இல்லை, நேரமாகிவிட்டது. வணக்கம்.