ரிவர்ஸ் கியரும் ரிவர்ஸ் விளக்கும்: எம்.ஜி.பி. காரில் பழுது தேடும் முறை

நேயர்களுக்கு வணக்கம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் ஓட்டிவருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் இரண்டு உண்டு. ரிவர்ஸ் கியர் கறகறவென்று சத்தமிட்டுத்தான் விழுகிறது என்பது ஒன்று; கியர் விழுந்தும் ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை என்பது மற்றொன்று. இவற்றைத் தொடர்பில்லாத இரு பழுதுகளாக எண்ணி, முதலில் பல்பையும் அடுத்து சுவிட்சையும் மாற்றிப் பார்ப்பதே பலருடைய வழக்கம். என்னைக் கேட்டால் அந்த வரிசையே தலைகீழ். இந்தக் காரில் விளக்குக்கான சுவிட்ச், கியர் லிவர் அமர்ந்திருக்கும் கூட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. லிவர் ரிவர்ஸ் நிலைக்கு முழுமையாகப் போனால்தான் சுவிட்சின் முனை அழுந்தும். எனவே கியரைச் சரிபார்த்த பிறகே விளக்குக்கு வரவேண்டும்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்திய நிலையில் எல்லாக் கியர்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் எளிதாக விழும் கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கியர் பாக்ஸைக் குறைசொல்வதற்கு முன் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமின்றிச் சேர்க்கும் அமைப்பு, கிடையாது என்பதால், கிளட்ச் முழுதாக விடுபடாத குறை அங்கேதான் முதலில் வெளிப்படும். 1967-இல் மார்க் 2 என்ற திருத்திய மாடல் வருவதற்கு முந்தைய கார்களில் முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் இல்லை. அவற்றில் அந்தக் கியரும் கூடச் சேர்ந்து உறுமும். பெடலை மிதித்துச் சில விநாடிகள் பொறுத்துக் கியர் போட்டால் சத்தம் அடங்குகிறதென்றால், சுழன்றுகொண்டிருந்த பற்சக்கரங்கள் நிற்பதற்கு நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எவ்வளவு பொறுத்தாலும் கறகறப்பு ஓயவில்லை என்றால் கிளட்ச் பிடித்து இழுக்கிறது என்று பொருள்.

அப்போது பெடலை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு மிதித்துப் பாருங்கள். அதனால் கியர் சுலபமாக விழுந்தால், கிளட்ச் திரவக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரிலோ கிளட்ச் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரிலோ ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். ஏர் எடுப்பதற்கு முன், பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியையும் இணைக்கும் சிறிய பின்னை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. பல ஆண்டு உழைப்பில் அந்தப் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்தும், அது நுழையும் வட்டத் துளை முட்டை வடிவமாகியும் இருக்கும். அங்கே வீணாகும் மிகச் சிறிய நகர்வுகூட, கிளட்ச் விடுபடுவதற்குத் தேவையான தூரத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். விலை அற்பமான இந்தப் பின்னைக் கவனிக்காமல் கியர் பாக்ஸையே இறக்கியவர்களும் இருக்கிறார்கள்.

கிளட்ச் சரியாக இருந்தும் லிவர் தளர்ந்து எல்லாப் பக்கமும் ஆடினால், அதன் அடிமுனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ், அதாவது முனையை ஆடாமல் பிடிக்கும் சிறு உறை, உடைந்திருக்கக்கூடும். புஷ் போனால் கையில் லிவர் முழுதாக நகர்ந்தாலும் உள்ளே அந்த நகர்வு குறைந்துபோகும். கியர் அரைகுறையாக விழும், சுவிட்சும் அழுந்தாது. இரு குறைகளுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடிய இடம் இதுதான்.

இனி விளக்கு. பழைய பாயின்ட் வகை இக்னிஷன் உள்ள காரில், என்ஜின் ஓடாமல் சாவியை நெடுநேரம் திருப்பி வைத்தால், தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் சூடேறும். சோதனைக்கு முன் காயிலுக்கு வரும் மின் ஒயரைக் கழற்றி, முனை எங்கும் படாமல் காப்பிட்டு வைத்துவிடுங்கள். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் இதே பச்சை ஒயர்ச் சுற்றிலிருந்து மின்சாரம் பெறுவதால், அவை எரிந்தால் ஃபியூஸைப் பற்றிக் கவலையில்லை. சுவிட்சுக்கு வரும் ஒயர் பச்சை. விளக்குக்குப் போகும் ஒயர் பச்சையில் பழுப்புக் கோடு. ஓவர்டிரைவ் (என்ஜின் வேகத்தைக் குறைத்து ஓட உதவும் கூடுதல் கியர் அமைப்பு) உள்ள காரில் அதே கூட்டில் இன்னொரு சுவிட்சும் இருக்கும். ஒயரின் நிறத்தைப் பார்த்தபின் கைவையுங்கள். இரு ஒயர்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் பழுது சுவிட்சிலோ அதன் பொருத்தத்திலோ இருக்கிறது. எரியாவிட்டால் பல்பு, ஹோல்டரில் பூத்த துரு, எர்த் இணைப்பு என்று பின்னோக்கிச் செல்லவேண்டும். மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் எர்த்தான் காரணம்.

புதிய சுவிட்ச் போடும்போது அதன் அடியிலிருந்த வாசர்களை எறிந்துவிடாதீர்கள்; சுவிட்ச் எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பவை அவையே. வாசர் கூடினால் முனைக்கு அழுத்தம் எட்டாது. குறைந்தால் முனை அளவுக்கு மீறி நசுங்கி சுவிட்ச் உடையும். சில சமயம் ரிவர்ஸ் கியர் விழுவதையே அது தடுக்கும். ஒவ்வொரு வாசராக மாற்றி, என்ஜினை நிறுத்தி சாவியை மட்டும் திருப்பிய நிலையில் லிவரை மெதுவாக ரிவர்ஸுக்குக் கொண்டுசெல்லுங்கள். கியர் விழும் தூரத்தின் கடைசிப் பகுதியில் விளக்கு எரியவேண்டும். நியூட்ரலில் லிவரை எப்படி அசைத்தாலும் அது எரியக்கூடாது.