மூணு மாசத்துக்கு ஒரு தேதி

நேயர்களுக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, ஆறு மாதம் கீமோவும் முடிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. “அதான் எல்லாம் சரியாப் போச்சே, இனிமே என்ன?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன். அடுத்த பரிசோதனைக்கென்று காலண்டரில் நானே வட்டம் போட்டு வைத்த தேதி கண்ணில் படும். வயிற்றைப் பிசையும்.

சிகிச்சை நடந்தபோது இப்படிப் பயந்ததில்லை. பயப்பட நேரம் ஏது? ட்ரிப்ஸ், மாத்திரை, கஞ்சி, இன்ஷூரன்ஸ் பேப்பர் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஓட்டம் நின்ற பிறகுதான் பிடித்துக்கொண்டது.

இந்த நோய்க்குச் சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு வருடம், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். நோய் திரும்பினால் இரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதத்தின் அளவு அது. அதன்பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேனும் உண்டு. திரும்ப வருவதானால் அநேகமாக முதல் மூன்று வருடத்துக்குள் வரும், அதனால்தான் ஆரம்பத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறார்கள். சீக்கிரம் தெரிந்தால் மறுபடி ஆபரேஷன் செய்து குணப்படுத்தவும் சிலருக்கு வழி இருக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

தேதிக்குப் பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடும். ராத்திரி அவர் இருமினால் எண்ணுவேன். தட்டில் ஒரு இட்லி மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்கமாட்டேன், மனதில் குறித்துக்கொள்வேன். அவரோ அந்த வாரம் பார்த்துத்தான் மிக்ஸியைக் கழற்றுவார், ஃபேன் இறக்கையைத் துடைப்பார். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் பயந்துகொண்டிருந்தோம்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் நான். ஒரு தசமப் புள்ளி என்னை அப்படி ஆட்டிவைக்கும் என்று நினைக்கவில்லை. ஒருமுறை நாங்கள் வழக்கமாகப் போகும் லேப் பூட்டியிருந்ததால் வேறு லேபில் இரத்தம் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. எப்போதும் 2.4, 2.6 என்று இருப்பது, 4.3. ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அது என் கண்ணில் படவே இல்லை, ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான் பட்டது. டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். அந்தத் தப்பை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள்.

அவரிடம், “ரிசல்ட் இன்னும் வரலைங்க” என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நடுராத்திரி, இருட்டில் அவர் குரல் கேட்டது: “எனக்கும்தான் அனுப்பியிருக்காங்க. நேத்தே பார்த்துட்டேன்.”

எழுந்து லைட்டைப் போட்டு, சுக்குக் காப்பி வைத்துக் குடித்தோம். பயமாக இருக்கிறது என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் தூங்கவும் செய்தோம்.

திங்கட்கிழமை டாக்டர் நிதானமாக விளக்கினார். லேபுக்கு லேப் முறை மாறும், அதனால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. கல்லீரலில் கோளாறு இருந்தாலும் ஏறும், புகைபிடிப்பவர்களுக்கும் கூடுதலாக இருக்கும். ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை, விடாமல் ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்ப்போம் என்றார். ஒரு மாதம் கழித்துப் பழைய லேபில் எடுத்தோம். 2.5.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். “ஒருவேளை ஏறியிருந்தா அடுத்து என்ன செய்வீங்க, டாக்டர்?” மறுபடி ஒரு இரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், அதில் ஏதாவது தெரிந்தால் இன்னின்ன வழி என்று வரிசையாகச் சொன்னார். கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. கேட்ட பிறகு மனசு லேசானது ஆச்சரியம்தான்.

இப்போது வார இறுதிக்கு முன்னால் இரத்தம் கொடுப்பதில்லை. திங்கள் கொடுத்தால் செவ்வாய் டாக்டரைப் பார்க்கிற மாதிரி தேதி வாங்கிக்கொள்கிறோம். ரிப்போர்ட் மகள் போனுக்குப் போகும், டாக்டர் அறைக்குள் போன பிறகுதான் திறப்போம். ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் இருந்தால், நோயாளியின் துணைக்கு வருபவர்களும் போய்ப் பார்க்கலாம். நான் போனேன். கவலைப்படுவதற்கென்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் பாதி நாள் பலிக்கத்தான் செய்கிறது.

“அதையே நினைச்சுக்கிட்டிருந்தா அதுவே வந்துடும்” என்று சொல்லும் உறவுக்காரர்களிடம் இப்போதெல்லாம் நான் சும்மா இருப்பதில்லை. நினைப்பதால் புற்றுநோய் திரும்ப வருவதில்லை. ஏற்கெனவே பயந்து கிடப்பவர் தலையில் பழியையும் தூக்கி வைக்கிற பேச்சு அது.

கீமோவில் அவருக்கு மரத்துப்போன விரல் நுனிகள் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளில் கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும், சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுவேன். வருகிற செவ்வாய்க்கிழமை அடுத்த ஸ்கேன். “அந்த நீலச் சட்டையை எடுத்து வை, அதுலதான் பித்தான் பெரிசா இருக்கும், உனக்குச் சுலபம்” என்று இன்று காலையில் சொன்னார். இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.