பேரனுக்கா, உங்களுக்கா?

(சேலத்தில் மூத்தோர் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், 63 வயதில், தமிழ் எம்.ஏ. படிக்க விண்ணப்பம் வாங்கப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பேரனுக்குங்களாம்மா?" என்றார். எனக்குத்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வயசுல எதுக்குங்கம்மா சிரமம்?"

அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் மனசு சுருங்கிப் போய், விண்ணப்பம் வாங்காமலே ஐந்து ரோட்டில் பஸ் ஏறிவிட்டேன். அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகுதான் எம்.ஏ.வில் சேர்ந்தேன்.

சட்டத்தில் தடை இருக்கிறதா என்றால், இல்லை. 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. நம்மைத் தடுப்பது அந்த "எதுக்கு" என்ற கேள்விதான். வீட்டிலும் அதையேதான் கேட்கிறார்கள்.

கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கினார். நாம் கைதட்டினோம், சரி. ஆனால் அவரை அதிசயம் என்று சொல்லி ஒதுக்கி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதிசயம் என்றால் மற்றவர்களுக்கு அது நடக்காது என்று ஆகிவிடுகிறதே!

1973-இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கினார்கள். அங்கே பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். பத்து வருஷத்துக்குள் அது இங்கிலாந்துக்குப் போனபோது வேறு மாதிரி ஆயிற்று. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவார். தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. நம் ஊருக்கு இந்த இரண்டாவது முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். நாங்கள் பதினோரு பேர் அப்படித்தான் சனிக்கிழமைகளில் கூடுகிறோம்.

உருக்காலையில் வேலை பார்த்த ஐயா ஒருவர் போன மாதம் ஓர் எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். இரும்பில் குரோமியம் கலந்தால் காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகும், கீறல் விழுந்தாலும் அது தானே மூடிக்கொள்ளும், துரு பிடிக்காததற்குக் காரணம் அதுதான் என்றார். சேலம் குகைப் பகுதியிலிருந்து வரும் 74 வயது அக்கா டம்ளரை வாங்கி விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "அப்ப ஐம்பது வருஷமா நான் தேய்க்கத் தேய்க்க, இது புதுசு புதுசாத் தோல் போட்டுக்கிட்டே இருந்துச்சாக்கும்!" நான் எம்.ஏ. வகுப்பில் இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

அரசு கலைக் கல்லூரிக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் என் வேண்டுகோள் பெரிதல்ல. எங்களுக்குத் தனிப் படிப்பு வேண்டாம். நடக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவிட்டால் போதும். முழங்கால் வலிக்காரர்கள் நாங்கள், அதனால் தரைத்தளத்து அறையாக இருக்கட்டும். கழிப்பறை பக்கத்தில் வேண்டும், பேசுகிறவர் மைக்கில் பேச வேண்டும். இருட்டுவதற்குள் வகுப்பு முடிந்தால் பெண்கள் தைரியமாக வருவோம்.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா வருகிறார். காப்பித் தோட்டத்தில் நாற்பது வருஷம் பழம் பறித்தவர். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றும் விதத்தைச் சொல்லித்தருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். யாராவது கோடு போட்ட நோட்டும் நல்ல பென்சிலும் கொண்டுவாருங்கள்.