கூச்ச நாட்கள் இனிக்கின்றன

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் பேச வந்திருக்கும் நண்பர்களுக்கும், பந்தலில் இடமில்லாமல் தெருமுனை வரை நிற்கிற மதுரை மக்களுக்கும் வணக்கம்.

‘பள்ளிப் பருவத்துக் கூச்சமும் தடுமாற்றமும் இன்று நினைத்தால் இனிக்கிறதா, உறுத்துகிறதா?’ இதுதான் தலைப்பு. இனிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி மூன்று விஷயம் சொன்னார். எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை, எல்லோரும் பார்த்துச் சிரிக்கப் பட்ட வெட்கம் ஆறாத புண் என்றார். இப்போது இனிக்கிறது என்றால் அது நினைவு நமக்குச் சொல்கிற பொய் என்றார். இனிப்பதும்கூட வசதி இருந்தவனுக்குத்தான், இல்லாதவனுக்கு ஏது என்றார். கடைசிக் கேள்வி கனமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன்.

முதலில் அந்த வெட்கம் எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம் ஐயா. பாதி வெட்கம் தையற்கடையில் ஆரம்பித்தது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னால் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, “வளர்ற பிள்ள, கொஞ்சம் தாராளமா விட்டே தைங்கண்ணே” என்று சொல்லாத தாய் இந்த ஊரில் இல்லை. புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் ஓடிய காலத்திலும் இதே பேச்சுதான். தையல்காரர் கால்சட்டையின் அடியில் இரண்டு, இரண்டரை அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பார். இடுப்பில் பின்தையலுக்குள் ஓர் அங்குலம் துணி விட்டு வைப்பார். பெண் பிள்ளையின் பாவாடை என்றால் கீழ்விளிம்புக்கு மேலே சுற்றிலும் ஒரு மடிப்பு வைத்து டக் பிடிப்பார். கணக்கு இரண்டு வருடத்துக்கு. ஆனால் பிள்ளையின் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஓராண்டில் மட்டும் பையன் 9 செ.மீ. அளவுக்கும் பெண் 8 செ.மீ. அளவுக்கும் உயர்வது சாதாரணம். அதில் முந்திக்கொள்வது கால். இரண்டு வருடத்துக்கு விட்ட துணி முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

மடிப்பைப் பிரித்தால் என்ன தெரியும்? வெளியே இருந்த துணி வெயிலிலும் துவைகல்லிலும் வெளுத்திருக்கும். உள்ளே இருந்தது புதுக் கருக்கு குலையாமல் இருக்கும். கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு பட்டை. பழைய மடிப்புக் கோடு இஸ்திரி போட்டாலும் மறையாது, ஏனென்றால் அந்த விளிம்பில் நூலே உரசித் தேய்ந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் அந்தப் பட்டை தெரியக் கூடாதென்று பெஞ்சுக்கடியில் காலை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டுவான். அன்றைக்கு அது வெட்கம்தான், மறுக்கவில்லை. இன்றைக்கு அதே பட்டையை நினைத்தால் எது முன்னால் வந்து நிற்கிறது? இரண்டு வருடத்துக்கு ஒரே சீருடை என்று விரல்விட்டு எண்ணி, அங்குலத்தை அளந்து தையல்காரரிடம் சொன்ன அம்மா வந்து நிற்கிறாள். அந்த நினைவு உறுத்துமா ஐயா?

உடம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வயதில் உடம்பின் எல்லாப் பாகமும் சேர்ந்தாற்போல் வளர்வதில்லை. முதலில் கையும் பாதமும் நீளும். பிறகு முழங்காலும் முன்னங்கையும். மார்பும் முதுகும் கடைசியில். போன மாதம் வரை சரியாக எட்டிய கை இந்த மாதம் கூடுதலாக எட்டி, பக்கத்து இலைத் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடும். முழங்கால் டெஸ்க்கில் இடிக்கும். புத்தியில் இருக்கிற அளவு பழையது, கை கால் புதியது. பெண்களுக்கு இந்த வளர்ச்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். எட்டாம் வகுப்புக் குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள், பெண் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நிற்பார்கள், பையன்கள் நுனிக்காலில் எம்பி நிற்பார்கள். இரண்டு பக்கமும் கூச்சம்தான். உயரமான பெண் தோளைக் குறுக்கிக்கொள்வாள், குள்ளமான பையன் பின்வரிசைக்கு ஒதுங்குவான். பன்னிரண்டாம் வகுப்புப் போட்டோவுக்குள் அவ்வளவும் தலைகீழாகியிருக்கும்.

குரலும் அப்படித்தான். பையன்களுக்குக் குரல்நாண் நீண்டு தடிக்கும்போது குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ‘ச’விலிருந்து கீழ் ‘ச’ வரை, கீழே இறங்குகிறது. சில மாதங்களில் நடந்துவிடுகிற மாற்றம் இது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்த பையன் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்குப் போக வேண்டும், ஆனால் தொண்டைத் தசைகள் இன்னும் பழைய பிடிப்பிலேயே இருக்கும். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை முன்னால் நின்று பாடுகிறவர்கள் பெண் பிள்ளைகள் என்றால் சுருதி அவர்களுக்கு வாகாக மேலே இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் மேல் வரிக்குப் போகும்போது குரல் சட்டென்று உடையும். விஷயம் தெரிந்த பாட்டு வாத்தியார் அந்தப் பையனைப் பாட வேண்டாம் என்று சொல்லி அனுப்ப மாட்டார். கத்தாதே, மேலே எட்டாத இடத்தில் வாயை மூடிக்கொள், கீழ் வரியில் சேர்ந்துகொள் என்பார். கட்டாயப்படுத்தி மேலே ஏற்றினால் தொண்டை இறுகிப் பழகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்களே என்றார் எதிரணித் தலைவி. எல்லோரும் பார்த்தார்களா? 2000-இல் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ள வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் பொறித்த டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசி. மற்றவர்களுக்கு அவரவர் சட்டையே பெரிய கவலை. ஐம்பது பேர் இருந்த வகுப்பில் ஐம்பது பேரும் தன் கால்சட்டைப் பட்டை தெரியுமோ, முகப்பரு தெரியுமோ என்றே உட்கார்ந்திருந்தார்கள் ஐயா. இது அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். நினைவு இனிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்து வேதியியல் ஆய்வகத்துக்கு வருகிறேன். தடுமாற்றத்துக்கென்றே கட்டிய அறை அது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்குப் பர்மாங்கனேட் தரம்பார்த்தல் மறக்காது, ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கிற சோதனை அது. அடியில் திருகு வைத்த நீண்ட அளவுக்குழாயான பியூரெட்டில் ஊதா நிறப் பொட்டாசியம் பர்மாங்கனேட். கூம்புக் குடுவையில், உறிஞ்சி அளக்கும் குழாயான பிப்பெட்டால் அளந்த 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம். அதோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரி வரை சூடாக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சூடு போதாவிட்டால் ஆரம்பத்தில் நிறம் மறையவே நேரமெடுக்கும், பிள்ளை பயந்துவிடும். கந்தக அமிலம் குறைந்தால் கரைசல் பழுப்பாகக் கலங்கிவிடும், கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழ் இருந்தால் அளவே பொய். கரைசல் அடர்நிறம் என்பதால் பிறைத்தளத்தின், அதாவது குழாய்க்குள் வளைந்து நிற்கும் மேற்பரப்பின், அடியைப் பார்க்க முடியாது, மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். கடைசிச் சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு தோன்றி நிலைக்க வேண்டும். முதல் முறை எல்லோருக்கும் கை தாண்டிவிடும். குடுவை முழுக்க ஊதா. பக்கத்து மேசைக்காரன் பார்த்துவிடுவான். வாயால் பிப்பெட்டை உறிஞ்சிய காலத்தில் அமிலம் நாக்கைச் சுட்டு, குழாயடிக்கு ஓடியவர்கள் எத்தனை பேர்!

ஆனால் மூன்றாம் முறை, நான்காம் முறை என்று செய்யச் செய்ய, அடுத்தடுத்து இரண்டு அளவு ஒத்துவருகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் ஒரு பிள்ளையின் கை தன் சொல்லைக் கேட்கத் தொடங்குகிறது. தடுமாறிய கைதான் பழகிய கை. என் அணியின் வாதம் முழுவதும் இதுதான். அந்த வயதில் செய்த எதையும் நாம் முதல் தடவையாகச் செய்தோம், அதையும் ஐம்பது சாட்சிகளுக்கு முன்னால் செய்தோம். அதற்குப் பிறகு வாழ்க்கையில் இத்தனை விஷயத்தை இத்தனை பேருக்கு நடுவில் முதல் தடவையாகச் செய்யும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை.

ஆறாத புண் என்ற பேச்சுக்கு ஒரு மனிதரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவான். நடந்து போவதில்லை, ஓடுவான். யாராவது பேச்சுக் கொடுப்பார்களோ, கேலி செய்வார்களோ என்ற பயம். வடிவியல் புரியாமல் திணறி, யூக்ளிடின் 13-ஆம் தேற்றத்துக்கு வந்தபோதுதான் அவனுக்குக் கண் திறந்தது. இவ்வளவையும் பின்னாளில் தன் சுயசரிதையில் அவரே எழுதினார். பேசத் தயங்கிய கூச்சம் ஒரு காலத்தில் தொல்லையாக இருந்தது, இப்போது மகிழ்ச்சி தருகிறது, சொற்களைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுத்தந்தது அதுதான் என்றும் எழுதினார். அவர் காந்தி. கேலிக்குப் பயந்து ஓடிய அந்தப் பிள்ளைதான் 1921 செப்டம்பர் 22 அன்று, இதே மதுரையில், மேல மாசி வீதியில், மேலாடையைக் களைந்துவிட்டு அரையாடையோடு ஊர் முன்னால் வந்து நின்றார். கூச்சம் ஆறாத புண்ணாக இருந்திருந்தால் அதைப் பற்றி அவர் அப்படி எழுதியிருப்பாரா?

இரண்டாவது, நினைவு பொய் சொல்கிறது என்ற குற்றச்சாட்டு. நடந்ததை நடந்த அன்றே குறித்துவைக்கச் சொல்லி, நாள் கழித்து அதே மனிதரிடம் அதைப் பற்றி இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. கெட்ட நிகழ்ச்சியோடு ஒட்டிய உணர்ச்சி, நல்ல நிகழ்ச்சியோடு ஒட்டிய உணர்ச்சியைவிட வேகமாக மங்குகிறது. நிகழ்ச்சி மறக்கவில்லை. அதன் முள் மட்டும் மழுங்குகிறது. பிறரிடம் சொல்லச் சொல்ல இன்னும் மழுங்குகிறது. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இது சரியாக நடப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் ‘நினைத்துச் சிரி’ என்று சொல்லக் கூடாது, உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மூன்றாவது, இல்லாதவனுக்கு ஏது இனிப்பு என்ற கேள்வி. சாதியைச் சொல்லித் தனியே உட்காரவைத்தது, ஃபீஸ் கட்டவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியது, பிரம்பால் ரத்தம் வர அடித்தது, இவை தடுமாற்றம் அல்ல, கொடுமை. அவை இனிக்க வேண்டும் என்று எங்கள் அணி ஒருபோதும் கேட்காது. அவற்றைச் செய்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் பேசுவது உடைந்த குரலையும், தாண்டிய பியூரெட்டையும், டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி சாய்த்து மறைத்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்ட பிள்ளையையும் பற்றி. அந்த மூடியை விலக்கி ஒரு கை உள்ளே வந்து, “இந்தாடா, எங்க வீட்டு உருளைக்கிழங்கு” என்று வைத்ததே, அந்தக் கையும் அதே வகுப்பில்தான் இருந்தது.

ஆனால் இந்த இனிமையைக் கெடுப்பது எப்படி என்பதும் நமக்குத் தெரிந்திருக்கிறது. பழைய மாணவர் சந்திப்பு என்று நடத்துகிறோமே, அங்கேதான் கெடுக்கிறோம். ஆகையால் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

சித்திரைத் திருவிழாவில் எல்லோரும் ஊருக்கு வருவார்கள் என்று அந்த நாளில் வைக்காதீர்கள். கோயிலைச் சுற்றியும் ஆற்றுப் பக்கமும் நடக்க வழி இருக்காது. பொங்கலை ஒட்டி வைப்பது நல்லது, ஆனால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களைத் தவிர்த்து, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். ஹோட்டல் ஹால் வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, படித்த வகுப்பறையையே கேளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடாதீர்கள். பணம் இல்லாதவர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வராமல் நின்றுவிடுகிறார். டீ, வடை, மதியம் எலுமிச்சை சாதம், தயிர் சாதம் போதும். முடிந்தவர் ஒருவரிடம் தனியே கொடுக்கட்டும், யார் எவ்வளவு என்று வெளியே சொல்ல வேண்டாம்.

முக்கியமானது ஒன்று. ‘இப்போது என்ன செய்கிறாய்’ என்று வரிசையாக எழுந்து சொல்லும் சுற்றை வைக்காதீர்கள். அந்தச் சுற்று தொடங்கியதும் பாதிப்பேர் மறுபடியும் பெஞ்சுக்கடியில் காலை இழுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, வகுப்பாசிரியர் இருந்தால் அவர் கையில் அந்த ஆண்டுப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து வருகையெடுக்கச் சொல்லுங்கள். டாக்டரும் ‘உள்ளேன் ஐயா’, ஆட்டோ ஓட்டுகிறவரும் ‘உள்ளேன் ஐயா’. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் முன்னால் அவரையே தனியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்தப் பெயர் செல்லம், சிலருக்கு இன்னும் முள்.

பழைய குரூப் போட்டோவைக் கொண்டுவருகிறவர்கள், பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் உறையோடு வந்துவிடும். உறையோடு சேர்த்தே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பெயர்களைப் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். பெயர் நினைவில்லாதவர் இருந்தால் வரிசையில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், சந்திப்புக்கு வருகிற யாராவது ஒருவருக்கு நிச்சயம் தெரியும்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் நான் சொன்ன வருகைப் பதிவுக்கும் அந்த அம்மாவின் கணக்குக்கும் பதில் சொல்லட்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.